களரியும் மேடையும் சின்னத்திரையும்: லிந்துலைத் தோட்டத்துக் காமன் கூத்தை முன்வைத்து ஆடலமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் அரங்கின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நாடகாசிரியர்களைப் பற்றி விரிவாகவும் நெறியாளர்களைப் பற்றி ஓரளவும் எழுதியுள்ளனர். ஆட்டத்தை அமைத்தவர் யார் என்னும் வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படாமலே போயிற்று. இதற்கு எளிய காரணமொன்றுண்டு. பாட்டும் வசனமும் ஏட்டில் ஏறுவன. பின்னர் அச்சுக்கு வருவன. ஆட்டமோ ஆடுவோனின் உடலில் தங்கி அவனோடு மறைவது. ஏட்டை ஆராய்ந்து பழகிய எமது கல்வி மரபு ஏட்டில் இல்லாத கலையைப் பின்வரிசையில் நிறுத்தியதில் வியப்பில்லை.

ஆடலமைப்பு என்று இங்கு நாம் குறிப்பது அடிகளையும் அபிநயங்களையும் சொல்லிக்கொடுப்பதை மாத்திரமன்று. ஆடுவோன் எத்திசையிலிருந்து வருகிறான், எவ்விடத்தில் நிற்கிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான், யாருடைய கண்ணுக்காகத் திரும்புகிறான் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பதே அத்தொழிலின் பெரும்பகுதி. அடிகள் மரபில் ஏற்கெனவே உள்ளவை. இடத்தையும் பார்ப்போரையும் ஆடுவோரையும் ஓர் ஒழுங்கிற் பொருத்துவதே அமைப்போனின் வேலை. பரதத்தில் நட்டுவனாரும் மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியாரும் மலையகத் தோட்டங்களில் கூத்து வாத்தியாரும் செய்து வந்தது இதுவே. மூவரும் ஒரே தொழிலைச் செய்தனராயினும், மூவருக்கும் கிடைத்த பெயரும் கூலியும் ஒன்றாக இருக்கவில்லை.

மரபுக் களரியிலிருந்து நவீன மேடைக்கு ஆட்டம் பெயர்ந்த வரலாற்றில் எமது நாட்டிற்குப் பேராதனை முக்கியமான களம். 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியபோது, சிங்கள நாடகம் எனப்படும் பழைய கூத்து வடிவத்தை அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையை நாடினார். சிங்கள நாடகமரபின் வேர்கள் தமிழ்க் கூத்தோடு பின்னியவை என்பது அறிஞர் பலர் ஏற்றுக்கொண்ட செய்தி. அதே பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மனமேயின் வெற்றி தமிழருக்கும் ஒரு வினாவை எழுப்புவதை உணர்ந்தார். கர்ணன் போர் 1962இலும் நொண்டி நாடகம் 1963இலும் இராவணேசன் 1965இலும் மேடையேறின. வாலிவதை பின்னர் வந்தது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோரின் ஆட்ட அறிவும், மட்டக்களப்பிலிருந்து பேராதனைக்குக் கற்க வந்திருந்த மாணவரின் உடலும், பேராசிரியரின் நெறியாள்கையும் அங்கு ஒன்றுசேர்ந்தன.

அக்கூட்டுமுயற்சி எதிர்கொண்ட சிக்கல் அடிப்படையில் ஓர் இடச்சிக்கல். மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சபையோர் நாற்புறமும் இருப்பர். மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டும் களரியின் நடுவே நிற்க, கூத்தன் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஆடுவான். அவன் ஒரு பக்கத்தாருக்கு முதுகு காட்டுங்கால் மறுபக்கத்தாருக்கு முகங்காட்டுகிறான். ஆகவே ஒரே தாளக்கட்டை நான்குமுறை ஆடுவது வெறும் மீள்கூற்றன்று. நான்கு பக்கத்தாருக்கும் உரியதை உரியவாறு வழங்கும் நேர்மை அது. படச்சட்ட மேடையில் பார்ப்போர் ஒரு பக்கத்தில் மாத்திரமே உள்ளனர். அங்கு வட்டம் ஆடினால் பாதி நேரம் முதுகே தெரியும். நான்குமுறை ஆடினால் சலிப்பே மிஞ்சும்.

பேராதனைத் தயாரிப்புகள் இதற்குக் கண்ட விடை, வட்டத்தை அரைவட்டமாகவும் குறுக்குக்கோடாகவும் திறப்பதும், மத்தளகாரரையும் பிற்பாட்டுக்காரரையும் மேடையின் ஒருபுறத்தே அமர்த்துவதும், விடியவிடிய நிகழ்ந்ததை இரண்டு மணி நேரத்துக்குட்பட்டதாகச் சுருக்குவதும் ஆகும். வடமோடியின் வேகமான வரவாட்டங்கள் இதனாற் பொலிவு பெற்றன. பாத்திரத்தின் உள்மோதலுக்கும் இடம் கிடைத்தது. இராவணேசனில் இராவணன் வீரமும் வீழ்ச்சியும் கலந்த அவலநாயகனாக நின்றமை இதன் பயன். இழப்பும் இருந்தது. கூத்தைப் பார்ப்பவன் அதன் பங்காளியாக இருந்த நிலை போய், அனுமதிச்சீட்டோடு இருக்கையில் அமர்ந்திருப்பவனானான். இதனைப் பழியாகக் கூறுவதற்கில்லை. அன்று அந்த மேடை கிடைத்திராவிட்டால், கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கிய படித்த நடுத்தர வர்க்கம் அதனை ஏறெடுத்தும் பார்த்திராது.

இராவணேசனின் பனுவலை ஆக்கி, அதில் இராவணனாகவும் ஆடிய மாணவர் சி. மௌனகுரு. 1943இல் மட்டக்களப்பிற் பிறந்த அவருடைய கலைவாழ்வே, கூத்து ஆடலமைப்பாளன் ஒருவனின் தொழில்வாழ்வு ஈழத்தில் எவ்வாறு உருவாயிற்று என்பதற்குத் தெளிவான சான்று. சிறுவயதிற் களரியில் கற்ற ஆட்டம், பல்கலைக்கழகத்திற் பெற்ற ஆய்வுப்பயிற்சி, முற்போக்கு இயக்கத்தின் சிந்தனை ஆகிய மூன்றும் அவரிடம் சந்தித்தன. 1969இல் வந்த ‘சங்காரம்’ இச்சந்திப்பின் விளைவு. இதிகாசப் போருக்கென அமைந்த வடமோடி அடிகள் அதில் வர்க்கப் போராட்டத்தைச் சொல்லப் பயன்பட்டன. சாதி, இனம், வர்க்கம் என்பன அரக்கராக உருவகிக்கப்பட, உழைப்போர் கூட்டம் அவற்றை எதிர்த்து ஆடிற்று. தனி அரசனுக்குரிய வரவாட்டத்தைக் கூட்டத்துக்குரியதாக மாற்றியதிலேதான் அதன் புதுமையைக் காண்கிறோம். பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையை வளர்த்து, தம் மாணவரைக் கொண்டு இராவணேசனைப் புதுக்கி மீண்டும் மேடையேற்றினார். ஆடியவன் அமைத்தான், அமைத்தவன் எழுதினான், எழுதியவன் கற்பித்தான் என்ற தொடர்ச்சி ஈழத்துத் தமிழரங்கில் அரிதினும் அரிது.

இத்தொடர்ச்சியைத் தனிமனித ஆற்றலால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. மாதச் சம்பளம், ஒத்திகை மண்டபம், இளம் உடல்கள், அச்சகம், விமரிசகர் கூட்டம் ஆகிய யாவும் பல்கலைக்கழகம் என்னும் நிறுவனம் வழங்கியவை. இவையொன்றும் இல்லாதவிடத்து ஆடலமைப்பாளனின் தொழில்வாழ்வு எத்தகையது என்பதை அறியவே நாம் பேராதனையிலிருந்து மேலும் மலையேறி லிந்துலைக்குச் செல்ல வேண்டியுள்ளது.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், திம்புளைத் தேயிலைப் பிரதேசத்தின் நடுவே உள்ளது லிந்துலை. 1914இல் மடக்கொம்பரையிற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை வாழ்ந்து எழுதிய சூழலும் இப்பிரதேசமே. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த அவருடைய பணியால் அம்மக்களின் சொல் ஓரளவு அச்சேறியது. அச்சொல்லோடு கூடிய ஆட்டத்தைப் பதிந்துவைக்க அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை என்றே கூறலாம்.

தோட்டங்களில் ஆடப்படும் கூத்துகளுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் தலையாயவை. இவற்றுள் காமன் கூத்து மாசி மாதத்துக்குரியது. அமாவாசை கழிந்த சில நாட்களிற் காமன் ஊன்றப்படும்; பௌர்ணமியை ஒட்டிய இரவிற் காமதகனம் நிகழும். தகனத்தின்பின் ரதியின் புலம்பலும், காமன் மீண்டெழும் சடங்கும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் முறைகள் வேறுபடினும், ஊன்றல், ஆட்டம், எரிப்பு, எழுப்பல் என்ற வரிசை மாறுவதில்லை. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்த மக்கள் கையோடு கொண்டுவந்த விழா இது. மாசி மாதம் திம்புளையில் வறண்ட குளிர்காற்று வீசும் பருவம். தேயிலை வியாபாரிகளுக்கு அது தரமான தேயிலையின் காலம். பகலிற் பனிவெயில், இரவில் நடுக்கும் குளிர். கொழுந்து மட்டுப்படும் இக்காலத்திற் கூத்து வாய்த்தது தோட்டத் தொழிலின் சுழற்சிக்கும் ஒத்துப்போயிற்று எனலாம்.

இக்கூத்தை அமைக்கும் வாத்தியார் பகலிற் கவ்வாத்து வெட்டுபவர். அல்லது கான் வெட்டுபவர். அவருக்கு மேடையில்லை. அவருடைய ஆடுகளம் தோட்டமே. காமன் ஊன்றிய பொட்டல், கோயில் முன்றல், லயத்து வாசல்கள், லயங்களை இணைக்கும் படிக்கட்டுகள், தேயிலை மலைகளுக்கிடையே செல்லும் பாதை ஆகிய யாவும் அவருடைய வரைபடத்தில் உள்ளன. ரதியும் மன்மதனும் தப்பு முழங்க லயம் லயமாகச் சென்று ஆடுவர். ஒவ்வொரு வாசலிலும் வரவேற்பு உண்டு, காணிக்கை உண்டு. வட்டக்களரியிற் கூத்தன் பார்ப்போரைச் சுற்றி வருகிறான் எனில், இங்கு கூத்து பார்ப்போரின் வீட்டுக்கே நடந்து செல்கிறது. எந்த லயத்துக்கு முதலில், எந்த லயத்துக்குக் கடைசியில், எவ்வாசலில் எவ்வளவு நேரம் என்பவை கலைத்தீர்மானங்களாக இருக்கும் அதேவேளை, சாதி, குடும்பம், கங்காணிப் பரம்பரை, கட்சி ஆகியவற்றைத் தொடும் சமூகத் தீர்மானங்களுமாகும். ஒரு வாசலைத் தவறவிட்டால் தாளம் பிசகியதிலும் பெரிய பிசகு அது. எந்த நாட்டு நடன ஆசிரியருக்கும் இத்தகைய பொறுப்பு இருந்ததாக நாம் அறியோம்.

தகன இரவில் அமைப்பு வேறுபடுகிறது. அதுவரை நீளமாக ஓடிய கூத்து இப்போது ஒரு புள்ளியிற் குவிகிறது. தட்சன், வீரபத்திரன், நந்தி, எமன், தூதன், குறவன், குறத்தி எனப் பல பாத்திரங்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வரும். வீரபத்திரனாக வேடங்கட்டியவர் அருள்வந்த நிலையிற் பாய்வதும், அவரைப் பலர் பற்றிப் பிடிப்பதும் ஆட்டத்தின் பகுதியே. பற்றிப் பிடிப்போர் நடிகரா, பார்வையாளரா என்று பிரித்துக் கூற இயலாது. அமைப்போன் அவ்விருவருக்குமிடையே கோடு கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. சிவன் உயரமான ஓரிடத்தில் தவமிருப்பார். மலைச்சரிவு தானே அந்த உயரத்தை அளித்துவிடுகிறது. தகனத்தின் ஒளி கீழ்லயத்திலிருந்தும் தெரியும்.

இவையனைத்தையும் இணைப்பது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை நெருப்பிற் காய்ச்சி விறைப்பேற்றியே அதனை அடிக்க வேண்டும். லிந்துலையின் பனியில் தோல் விரைவிற் தளர்ந்துவிடும். ஆகவே அடிக்கடி காய்ச்ச வேண்டும். வைக்கோலும் சருகும் கொண்டு மூட்டிய அந்நெருப்பைச் சுற்றித் தப்புக்காரர் கூடும் இடைவேளைகள் கூத்தின் மூச்சை நிர்ணயிக்கின்றன. தோல் தளருவது ஆட்டக்காரனின் கால் தளருவதோடு ஏறக்குறைய ஒத்துவருவதைக் கூர்ந்து நோக்குவோர் அறிவர். முற்காலத்தில் விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இந்தத் தப்பே. சாவு வீட்டிற்கு முன்செல்வதும் இதுவே. வேலைக்கும் சாவுக்கும் அடித்த கை மாசி மாதத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் அடிக்கிறது. எந்த அடி எதற்கு என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் தப்படிப்போர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்ற காரணத்தாற் கூத்தில் அவர்களுடைய பங்கு ‘கலை’ எனக் கணிக்கப்படாது ‘கடமை’ எனக் கணிக்கப்பட்டது. வாத்தியாருக்காவது ஊரில் மரியாதை உண்டு. தப்புக்காரருக்கு அதுவும் அரிது. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கப்பட்ட சக்தி நாட்டுப்புறக் கலைமையம் தலித் இளம்பெண்களின் கையிற் பறையைக் கொடுத்து மேடையேற்றியமை, இக்கணிப்பை மாற்றுதல் இயலும் என்பதைக் காட்டிற்று. காமன் கூத்திலோ ரதியின் வேடத்தைக்கூட ஆணே கட்டிவந்தான். நாள் முழுதும் கொழுந்தெடுக்கும் பெண்களே தோட்டத்தின் உழைப்பிற் பெரும்பகுதியினர் என்பதை இங்கு நினைவிற்கொள்வது தகும்.

கூத்துக்குழு என்பது ஒரு நாளில் உருவாவதன்று. ஒரு வாத்தியார், நான்கைந்து தப்புக்காரர், தலைமுறையாக வேடங்கட்டும் சில குடும்பங்கள் ஆகியோர் ஒரே தோட்டத்தில் நிலைத்திருந்தால் மாத்திரமே அது வாழும். அந்த நிலைபேறு 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஆட்டங்கண்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாட்டிற்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வெண்களை அரசியல் வரலாறாகப் படித்துப் பழகிய நாம், கலைவரலாறாகவும் படிக்க வேண்டும். தலைமன்னாரிற் கப்பலேறியோருள் மன்மதனும் இருந்தான், தப்புக்காரரும் இருந்தனர். ரதி லிந்துலையிலும் மன்மதன் நீலகிரியிலும் என ஆனபின் கூத்தை யார் அமைப்பது? தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்கென கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் இவ்வறிவின் மற்றப் பாதி கிடக்கிறது. இரு பாதிகளையும் ஒப்புநோக்கும் ஆய்வு எமது மாணவருக்கு நல்லதொரு பொருளாகும்.

இனித் தொலைக்காட்சி. எமது நாட்டில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979இல் தொடங்கிற்று. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தபோது, நாட்டின் மிகவுயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையில் அதன் பரப்புகோபுரம் நிறுவப்பட்டது. 2,524 மீற்றர் உயர்ந்த அச்சிகரம் நுவரெலியாவின் தலைமேல் உள்ளது, லிந்துலைக்கும் தூரமன்று. தோட்டத்து மலையுச்சியிலிருந்து நாடெங்கும் படங்கள் பரவின. அம்மலையடிவாரத்து லயங்களுட் பலவற்றிற்கு அன்று மின்சாரமே இருக்கவில்லை. ஒளிபரப்பின் புவியியலும் வர்க்கமும் எவ்வாறு முரண்படுகின்றன என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

ஆட்டத்தைக் கமெராவுக்கென அமைப்பது தனிக்கலை. உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்ரூடியோவில் எடுத்து 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’ இதனை ஆசியாவில் முதன்முதல் ஆழ்ந்து சிந்தித்த படங்களுள் ஒன்று. மேடையில் ஆடியதைப் படம்பிடிக்காது, கமெராவின் கண்ணுக்கென்றே ஆட்டத்தை அவர் புதிதாக அமைத்தார். அமெரிக்காவில் மேர்ஸ் கனிங்ஹாம் 1970களில் ஒளிப்பதிவு நடனங்களில் ஈடுபட்டபோது ஒரு வேறுபாட்டைக் கண்டறிந்தார். மேடை முன்னே அகன்று பின்னே ஒடுங்குவதாகப் பார்ப்போருக்குத் தோன்றும். கமெராவின் வெளியோ வில்லையருகில் ஒடுங்கிப் பின்னே விரிவது. ஆகவே மேடைக்கு நன்றாக அமைந்த வரிசை, திரையில் விளிம்புக்கப்பால் விழுந்துவிடும். வட்டக்களரியின் நான்கு பக்கம் மேடையில் ஒன்றாயிற்று. அந்த ஒரு பக்கமும் திரையில் ஓர் ஒற்றைக் கண்ணாயிற்று.

மட்டக்களப்புக் கூத்து இச்சுருக்கத்தைத் தாங்கிக்கொண்டது. அதன் மையம் தனி ஆட்டக்காரனின் கால்களிலும் சதங்கையிலும் உள்ளது. கமெரா நெருங்கிச் சென்றாலும் அங்கு காண்பதற்குப் பொருளுண்டு. காமன் கூத்தின் மையமோ வழியில் உள்ளது. ரதியையும் மன்மதனையும் தனியே பிரித்து ஒளிவெள்ளத்தில் நிறுத்தி ஏழெட்டு நிமிடம் ஆடச்செய்தால், எஞ்சுவது எளிமையான ஓரிணை ஆட்டம், வண்ண உடை, தளர்ந்த தப்பு. இதனைக் கண்ட நகரத்துப் பார்வையாளர் ‘இவ்வளவுதானா?’ என நினைப்பது இயல்பு. பாடசாலைப் போட்டிகளிலும் விழா மேடைகளிலும் இன்று காமன் கூத்து பெரும்பாலும் இவ்வாறே காட்டப்படுகிறது. மண்டபத்தினுள் நெருப்பு மூட்ட இயலாதாகையால் பிளாஸ்ரிக் முகப்பிட்ட பறைகள் வருகின்றன. அவை தளர்வதில்லை, ஆதலால் இடைவேளையும் இல்லை, இடைவேளை இல்லாமையால் ஆட்டத்தின் மூச்சும் மாறிவிடுகிறது. இப்போட்டிகளில் மாணவியரே ரதியாக ஆடுவதை மட்டும் ஐயமின்றி ஆக்கமான மாற்றமாகக் கொள்வோம்.

பேராதனைத் தீர்வைக் காமன் கூத்துக்கு அவ்வாறே பொருத்த முயல்வது பொருந்தாது என்பது எமது கருத்து. அங்கே வட்டத்தை அரைவட்டமாக்கினர். இங்கே வழியை எதுவாக்குவது? ஒரு விடை, மேடையை விட்டுவிடுவது. பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு நடந்து செல்லும் ஆற்றுகையாக அதனை அமைத்தால் வழியின் இலக்கணம் காக்கப்படும். மற்றொரு விடை கமெராவிலேயே உள்ளது. மேடைபோல் ஓரிடத்தில் நிலைத்திராமல் நடக்கவல்லது அது. தப்புக்காரரோடு சேர்ந்து லயம் லயமாக நடக்கும் ஒரு கமெராவும், எதிர்மலையில் நின்று தீப்பந்தங்கள் சரிவில் ஏறியிறங்குவதைக் காணும் மற்றொரு கமெராவும் மேடையால் ஒருபோதும் காட்டவியலாததைக் காட்டும். இன்று கைத்தொலைபேசியாற் படம்பிடிக்காத தோட்டத்து இளைஞர் குறைவு. அவர்கள் எடுப்பவை பெரும்பாலும் ஆடுவோரின் முகங்களையே தொடர்கின்றன. வழி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

அத்தகைய பதிவுக்கு முதற்படியாக, ஒரு தோட்டத்தின் காமன் கூத்து வழியைத் தாளில் வரைந்துகொள்ளலாம். கோயில், பொட்டல், லயங்கள், படிக்கட்டுகள், தப்பு காய்ச்சும் இடங்கள், ஒவ்வொரு வாசலிலும் நின்ற நிமிடங்கள், அவ்விடத்தில் அடித்த அடி, அவ்வடியைத் தொடங்கிய தப்புக்காரர் ஆகிய விவரங்கள் அதில் இடம்பெற வேண்டும். அண்ணாவியாரின் பெயர் பேராதனை வரலாற்றிற் பதிவானதுபோல, வாத்தியாரின் பெயரும் தப்புக்காரர் அனைவரின் பெயரும், அவர்கள் விரும்பின், அப்படத்தின் தலைப்பிலேயே எழுதப்பட வேண்டும். மேடைக்கோ திரைக்கோ அக்கூத்து எடுத்துச் செல்லப்படும்போது அமைப்பாளருக்குரிய ஊதியம் அவ்வரிசையிலேயே வழங்கப்பட வேண்டும். மாசி மாதத்து இரவுகளில் இதனைச் செய்யப் புறப்படும் மாணவர் கம்பளியும் கைவிளக்கும் எடுத்துச் செல்வது நன்று. விடியுமுன் ஐந்தாறு லயங்களாவது நடக்க நேரும்.